கணக்கில் வராத சேவல்கள்

நாமக்கல் என்றதும் உங்களுக்கு மூன்று விஷயம் ஞாபகம் வரும். ஆஞ்சநேயர், லாரி, முட்டை. இதில் மூன்றாவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஒரு கோழிப்பண்ணையில் கணக்கு எழுதுகிறேன். இன்றைக்கு எத்தனை முட்டை, எத்தனை உடைசல், தீவனம் எத்தனை மூட்டை... இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. ‘கோழிக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற மனுசனுக்கு வீட்டு மளிகைக் கணக்கு மட்டும் ஒத்து வராது’ என்பாள் என் சம்சாரம்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தவள் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பெண்.

திருவிழாக் கடையில் பச்சைச் சாயம் பூசிய கோழிக்குஞ்சு ஒன்றை வாங்கி வந்தாள். நானும் சின்ன வயசில் ராசிபுரத்தில் இதே மாதிரி ரோஸ் கலர் குஞ்சு வாங்கி அழுதவன்தான். இவள் குஞ்சும் மூன்றாம் நாள் கண்ணை மூடியது. புதைத்துவிட்டு வந்து கேட்டாள்:

“ஏம்ப்பா, கலர் குஞ்செல்லாம் சேவக் குஞ்சுதான்னு மிஸ் சொன்னாங்க. உங்க பண்ணையில சேவலே இல்லியே... அதெல்லாம் எங்க போகுது?”

நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன். அவள் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

முட்டைக்கென்றே உருவாக்கிய ஜாதிக் கோழி இது. இதில் சேவல் முட்டை போடாது. கறிக்கோழி மாதிரி சதையும் வைக்காது. தீவனம் போட்டால் நஷ்டம். அதனால் குஞ்சு பொரிக்கும் இடத்திலேயே, பிறந்த அன்றைக்கே, ஆண் வேறு பெண் வேறாகப் பிரித்துவிடுவார்கள். பெண் குஞ்சு பண்ணைக்கு. ஆண் குஞ்சை அன்றே தீர்த்துவிடுவார்கள். தப்பித்த கொஞ்சம் சாயம் பூசிக்கொண்டு திருவிழாவுக்கு வருகிறது.

“அப்ப பொட்டைக் குஞ்சு நல்லாருக்குமா?” என்றாள். அது இன்னொரு கதை. சுமார் இருபது வாரத்தில் முட்டை போட ஆரம்பிக்கும். வருஷத்துக்கு முந்நூறு முட்டை வரைக்கும் போடும். கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம், நீங்கள் ஆபீஸில் ஜெராக்ஸ் எடுக்கிறீர்களே, அந்த ஏ4 தாள் அளவுகூட இருக்காது. இறக்கையை விரிக்க முடியாது. வயது எண்பது வாரம் ஆவதையொட்டி முட்டை குறையும். லாரி வரும், எடை போடுவார்கள், கிலோ விலைக்குக் கறிக்குப் போகும். பில் எழுதுவது அடியேன்தான். எங்கள் ஊரில் பதினெட்டு அடி ஆஞ்சநேயர் கூரையே இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிறார். எங்கள் கோழிகள் லாரி ஏறும் அன்றைக்குத்தான் வானத்தையே பார்க்கின்றன.

என் அப்புச்சி ஒரு வேட்டைக்காரர். கொல்லிமலை அடிவாரத்தில் நாயும் வலையுமாக முயலுக்கும் கௌதாரிக்கும் போவார். ‘நாமெல்லாம் வல்வில் ஓரி சீமைடா’ என்று பெருமை வேறு. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகச் சங்கப் பாட்டில் வரும் மன்னன் அவன். செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆடி மாதம் அரசு விழாவும் உண்டு. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பார்த்தால், ஓரி மேல் இன்றைக்கு ஒரே அம்புக்கு ஐந்து கேஸ்! அப்புச்சியும் கேஸுக்குப் பயந்துதான் வலையைச் சுருட்டிப் பரணில் போட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரைப் பண்ணைக்குக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினேன். ஷெட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். பேசவே இல்லை. வெளியே வந்து துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“நான் புடிச்ச முயலு ஓடுச்சுடா கண்ணு. பத்துக்கு எட்டு தப்பிச்சுரும். இது எங்க ஓடும்?”

எனக்குச் சுருக்கென்றது. விடுவேனா? “உங்க முயல் ஒரு வீட்டுக் குழம்புக்குத்தானுங்க அப்புச்சி. இந்த முட்டை ஊருக்கே போகுது” என்றேன். அதுவும் பொய்யில்லை. 1989-ல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010-ல் வாரம் ஐந்து ஆனது. கறி மீன் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் சத்து. கூண்டு இல்லாமல் அத்தனை முட்டை அந்த விலைக்குக் கிடைக்குமா? எங்கள் முதலாளியைக் கேட்டால், “முட்டை விலை ஏறுனா பணக்காரனா சாப்பிடாம இருக்கப்போறான்?” என்பார். பதில் சொல்ல முடிவதில்லை.

அப்புச்சியும் பதில் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஆம்லெட் சொன்னார். வெங்காயம் தூக்கலாக.

அவரைச் சொல்லி என்ன? 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ஊரே திரண்டபோது நானும் செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்து நின்றவன்தான். ‘காளையைப் பிள்ளையாட்டம் வளர்க்கிறோம்’ என்று தொண்டை கிழியக் கத்தினேன். மனசாரத்தான் கத்தினேன். கத்திய பசிக்கு ராத்திரி முட்டை பரோட்டா! அதே வருஷம் மத்திய சட்ட ஆணையம் தன் 269-வது அறிக்கையை முழுக்க முழுக்க முட்டைக் கோழி, கறிக்கோழிகளுக்காகவே கொடுத்தது. அதற்கு ஒருத்தரும் டார்ச் அடிக்கவில்லை. நானும்தான்.

முடியவே முடியாத விஷயம் என்றும் சொல்வதற்கில்லை. ஐரோப்பிய நாடுகளில் இந்த மாதிரிக் கூண்டுக்கு 2012-லேயே தடை வந்துவிட்டது. ஆண் குஞ்சைக் கொல்லக் கூடாது என்று ஜெர்மனி போட்ட சட்டம் 2022-ல் அமலுக்கு வந்தது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று மெஷின் பார்த்துச் சொல்லிவிடுகிறது. அந்தச் செலவையும் அங்கே முட்டை விலையில்தான் ஏற்றியாக வேண்டும். இங்கே புரட்டாசி வந்து முட்டை விலை ஐம்பது காசு இறங்கினாலே எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்துவிடும்.

எல்லாவற்றையும் கேட்ட என் பெண், “இனிமே எனக்கு முட்டை வேண்டாம்ப்பா” என்றாள். முட்டையில் சம்பளம் வாங்குகிறவன் பெண்! சம்சாரம் என்னை முறைத்தாள். “உண்மையைச் சொல்ல வேற நேரமே கிடைக்கலியா உங்களுக்கு?”

ஒரு மாதம் கழித்து, “ஸ்கூல்ல குடுக்கிற முட்டையை என்னடி பண்றே?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“பக்கத்துல உக்கார்ற புள்ளைக்குக் குடுத்துருவேன். அவ காலையில சாப்பிடாமத்தாம்ப்பா வருவா. ரெண்டு முட்டையையும் மிளகுத்தூள் இல்லாமயே சாப்பிடுவா...” கொஞ்ச நேரம் யோசித்தாள். “அவ சாப்பிடறதைப் பார்த்தா எனக்கு முட்டை மேல கோவம் வரலப்பா. அந்தப் பச்சைக் குஞ்சை நெனச்சா வருது. ரெண்டும் எப்படிப்பா?”

எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் லாரி வந்திருந்தது. எடை போட்டார்கள். பில் புத்தகத்தில் கார்பன் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழக்கமாகத் தலை நிமிராமல் எழுதுவேன். அன்றைக்கு எழுந்து வாசலுக்கு வந்து, லாரி ரோட்டில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கோழிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்குத்தான், பார்க்காமல் எழுத அன்றைக்குக் கை வரவில்லை.