மூன்று மீட்டர் ஆழம் போதும்

தஞ்சாவூர் மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பது உள்ளூர்க்காரர்கள் பலருக்கே சட்டென்று நினைவுக்கு வராது. பெரிய கோயில், கல்லணை, குறுவை, சம்பா என்று பேசிக்கொண்டே போவோம். பட்டுக்கோட்டையைத் தாண்டிப் போனால் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய மனோராவும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள், ‘என்ன கடல் இது, அலையே இல்லையே’ என்று சலித்துக்கொள்வது வழக்கம். பாக் விரிகுடா அப்படித்தான். பெரும்பாலான இடங்களில் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டாது.

இவ்வளவு ஆழம் குறைந்த கடலில் முக்குளிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஸ்கூபா என்றால் சினிமாவில் பார்த்த கருநீல ஆழமும் சுறாவும்தான் மனதில் வரும். ஆனால் கடலில் உயிர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்வது வெயில் எட்டுகிற மேல்மட்டத்தில். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கும் வெயில் வேண்டும். கடல்புல்லுக்கும் வெயில் வேண்டும். சிறு உயிர்களைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு மூன்று மீட்டர் ஆழமே தாராளம்.

மூன்று மீட்டர்தானே என்று அலட்சியமாக இறங்கவும் முடியாது. அதற்குக் காரணம் அழுத்தம்.

முதலில் ஒன்று: முக்குளிப்பவர் முதுகில் இருப்பது ஆக்ஸிஜன் சிலிண்டர் அல்ல. நாம் சுவாசிக்கிற இதே காற்றை வடிகட்டி, அமுக்கி அடைத்திருக்கிறார்கள். சுத்தமான ஆக்ஸிஜனோடு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரக்கூடும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் ஏறக்குறைய 2,400 லிட்டர் காற்று உள்ளே போகும். அதை அப்படியே வாயில் திறந்துவிட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தருகிற வேலையைச் செய்வது ரெகுலேட்டர். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. நாம் மூச்சை இழுத்தால் சவ்வு உள்வாங்கி ஒரு நெம்புகோலைத் தள்ளும், வால்வு திறக்கும். இழுப்பதை நிறுத்தினால் மூடிக்கொள்ளும். பிரான்சில் ஜாக் குஸ்தோவும் எமில் காஞ்ஞானும் 1943-இல் உருவாக்கிய ஏற்பாட்டின் சாரம் இன்றும் இதுதான்.

பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு, முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் அதே கணக்கில் காற்று செலவாகும். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கும் ஒருவர், அவசரத்துக்கு 50 பாரை மிச்சம் வைத்துக்கொண்டால், முப்பது மீட்டரில் இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக இருக்கலாம். மூன்று மீட்டரில் அதே சிலிண்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும். வெளிச்சமும் லாபம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். பத்து மீட்டரில் செம்பவளம் மங்கிப் பழுப்பாகிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் டார்ச் இல்லாமலே நிறம் தெரியும்.

சிக்கல் எங்கே என்றால், அழுத்த மாற்றத்தின் வேகம் மேல்மட்டத்தில்தான் அதிகம். முப்பதிலிருந்து இருபத்தேழு மீட்டருக்கு ஏறினால் நுரையீரலில் உள்ள காற்று எட்டு சதவீதம் விரியும். மூன்றிலிருந்து மேலே வந்தால் முப்பது சதவீதம். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், இந்தக் குறைந்த ஆழத்திலேயே நுரையீரல் காயப்படலாம். அதனால்தான் பயிற்சியின் முதல் பாடம் ‘மூச்சை அடக்காதே’ என்பது. இன்னொன்று, 2,400 லிட்டர் காற்றின் எடை கிட்டத்தட்ட மூன்று கிலோ. அது குறையக் குறைய உடம்பு மிதக்கப் பார்க்கும். இடுப்பில் எத்தனை ஈயக்கட்டி கட்டுவது என்று தொடக்கத்திலேயே சரியாகக் கணிக்காதவர்கள், கடைசிப் பத்து நிமிடம் பவளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். பிடித்தால் பவளம் சாகும். முப்பது மீட்டர் போய்வந்தேன் என்று பெருமை பேசுகிறவரை விட, மூன்று மீட்டரில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் மிதக்கிறவரையே நான் கெட்டிக்காரர் என்பேன்.

பவளம் பார்க்கத் தஞ்சைக் கடற்கரை சரிப்படாது. ஆறுகள் கொண்டுவரும் வண்டல் படிகிற இடத்தில் பவளம் பிடிக்காது. அதற்குத் தெளிந்த நீரும் கெட்டியான அடித்தளமும் வேண்டும். தெற்கே மண்டபம், ராமேசுவரம் போக வேண்டும். அங்கிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்கா ஆயின. நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் அங்கே உண்டு. தண்ணீருக்குள் தலையை விட்டதும் முதலில் கவனத்துக்கு வருவது சத்தம்: காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி எல்லாப் பக்கமும் படபடக்கும். விரல் நீளமே உள்ள ஓர் இறால் செய்கிற வேலை அது. கொடுக்கை அது படாரென்று மூடும் வேகத்தில் ஒரு நீராவிக் குமிழி உருவாகி, உடனே நசுங்கி வெடிக்கிறது. இதன் உறவினங்கள் சில மணலில் வளை தோண்டிக் குடியிருக்கின்றன. பார்வை மந்தம் என்பதால் வாசலில் ஒரு சிறு மீனைக் காவலுக்கு வைத்துக்கொள்ளும். இறால் மண் அள்ளிக் கொட்டும்போதெல்லாம் அதன் உணர்கொம்பு மீனின் மேல் பட்டபடியே இருக்கும். மீன் வாலை ஒருமுறை உதறினால் ஆபத்து என்று அர்த்தம், இறால் உள்ளே. ஆபத்து நெருங்கினால் மீனும் உள்ளே. இதைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு மீட்டர் தள்ளி, துடுப்பை ஆட்டாமல், பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

தஞ்சைக் கடலின் செல்வம் கடல்புல். பாசி அல்ல, நெல்லைப் போல ஒருவித்திலைத் தாவரம். வேர், இலை, பூ எல்லாம் உண்டு, மகரந்தச் சேர்க்கையும் தண்ணீருக்குள்ளேயே. அதை மேய்ந்து வாழும் கடல் பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது, இந்தியாவிலேயே முதலாவதாக. கடல் பசு மனிதர் கண்ணில் படுவது அபூர்வம். கடல்குதிரை அகப்படலாம். புல்லின் தாளை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதற்குப் பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை; குழல் வாயால் நுண்ணிய இறால்வகைகளை உறிஞ்சி, நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். கண்கள் இரண்டும் தனித்தனியே திரும்பும். குஞ்சுகளை வயிற்றுப் பையில் சுமந்து பெறுவது ஆண். இவற்றைக் காயவைத்துச் சீன மருந்துக்கு ஏற்றுமதி செய்துவந்தார்கள். 2001-இல் காட்டுயிர்ச் சட்டம் அதைத் தடை செய்தது. ஆனாலும் இழுவைமடி தரையோடு வாரிக்கொண்டு போகும்போது புல்லும் குதிரையும் சேர்ந்தே போகின்றன. அழிந்த இடங்களில் மறுநடவு நடக்கிறது. சேதுபாவாசத்திரம் பக்கம் ஓம்கார் அறக்கட்டளையினர் மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் புல்லைப் பிணைத்துக் கடலடியில் பதிக்கிறார்கள். மூங்கிலும் கயிறும் மட்கிப்போவதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும் என்பது கணக்கு.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்குப் புதுச்சேரியிலும் அந்தமானிலும் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு வனத்துறை அனுமதியின்றிப் போகக்கூடாது. வாடைக்காற்று மாதங்களில் பாக் விரிகுடா கலங்கிக் கிடக்கும், இறங்கியும் ஒன்றும் தெரியாது. சளி பிடித்திருந்தால் எந்தக் கடலிலும் இறங்காதீர்கள். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதித்தான் காதின் உட்புற அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். மூக்கையும் காதையும் இணைக்கும் குழாயைச் சளி அடைத்துவிட்டால் முதல் இரண்டு மீட்டரிலேயே செவிப்பறை வலிக்கத் தொடங்கும், வீம்புக்கு இறங்கினால் கிழியும். கட்டிய பணம் போனால் போகிறது என்று அன்றைக்குப் படகிலேயே உட்கார்ந்திருப்பது நல்லது.