மோரிஸ் மைனருக்கு எந்த அப்சார்பர்?

பிரிட்டனில் 1948 முதல் 1971 வரை உற்பத்தியான மோரிஸ் மைனர் காரின் பின்பக்கத்தில் இருப்பது இன்றைய குழாய் அப்சார்பர் அல்ல; எண்ணெய் நிரப்பிய நெம்புகோல் வகை. மலேசியாவின் சுங்கை பஞ்சாங் பக்கத்துச் சதுப்பு மண்ணில் சாலை அலையலையாகத் தாழும். அங்கே அப்சார்பர் தளர்ந்தால் வண்டியின் பின்புறம் ஊஞ்சலாடும். அப்போது பலர், துளை பொருந்தினால் போதும் என்று கைக்குக் கிடைத்த குழாய் அப்சார்பரை மாட்டிவிடுகிறார்கள். மாட்ட முடிவது வேறு, வேலை செய்வது வேறு. நீளம் கூடினால், பள்ளத்தில் அச்சு மேலெழும்போது ரப்பர் தடுப்புக்கு முன்பே அப்சார்பர் அடி வாங்கும். குறைந்தால், அச்சு தொங்கும்போது அதன் வளையமே பிய்யும். ஆகவே இவ்விரு நிலைகளிலும் முனைக்கு முனை அளந்த பிறகே கடைக்குப் போகவேண்டும்.

பழைய நெம்புகோல் அப்சார்பர் இனி உதவாது என்பார்கள். ஆனால் வெறும் எண்ணெய்க் குறைவென்றால், உரிய எண்ணெயை நிரப்பினாலே அது மறுபடி உழைக்கும். தண்டு தேய்ந்து கசிந்தால்தான் பட்டறை வேலையோ மாற்றோ தேவை.