இஞ்சின் மாறும் ஊர் – 6: கால் புக்கும் மல்லாட்டையும்

விழுப்புரம் லோகோ ஷெட்டில் தாத்தா கிளீனராகச் சேர்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். கிளீனர், செகண்ட் ஃபயர்மேன், ஃபர்ஸ்ட் ஃபயர்மேன் என்று அவர் படி ஏறுவதற்குள் குடும்பம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டது. என் அம்மாவும் மாமாக்களும் பிறந்து வளர்ந்தது அங்கேதான்.

அந்தக் குடியிருப்பில் எல்லாம் கால் புக் படிதான் நடக்கும். எந்த வண்டிக்கு யார் போக வேண்டும், எத்தனை மணிக்கு ஷெட்டில் இருக்க வேண்டும் என்று எழுதிய நோட்டு அது. நடுராத்திரியில் கால்மேன் விளக்கோடு வந்து கதவைத் தட்டுவார். தாத்தா தூக்கக் கலக்கத்திலேயே கையெழுத்துப் போடுவார். ஆயா எழுந்து அடுப்பை மூட்டிக்கொண்டே லைன் பெட்டியை எடுத்து வைப்பார். தகரப் பெட்டி. அரிசி, பருப்பு, புளி, மிளகாய், ஒரு மாற்று உடை. திருச்சியிலோ மாயவரத்திலோ இறங்கினால் ரன்னிங் ரூமில் பொங்கிச் சாப்பிட வேண்டுமே. போனவர் மறுநாள் வரலாம், அதற்கடுத்த நாளும் வரலாம்.

இதனால் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் இருந்தது. பகலில் தெருவில் சத்தம் போடக் கூடாது. ராத்திரி லைன் போய் வந்தவர் ஏதாவது ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். கில்லியோ பம்பரமோ, எதுவானாலும் குவார்ட்டர்ஸ் தாண்டிய திடலுக்குப் போய்த்தான் ஆட வேண்டும். அடுத்த வீட்டுக்காரரின் தூக்கத்தையும் தன் பொறுப்பாக நினைத்த ஒரு தெரு அது. அந்தக் குணத்தை எங்கள் குடும்பத்தில் நான் இன்றைக்கும் பார்க்கிறேன். அம்மா மத்தியான நேரத்தில் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

விழுப்புரத்தில் ஐந்து பாதைகள் கூடுகின்றன. சென்னைக்கு ஒன்று, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, கடலூர் வழியாக மாயவரத்துக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று, 1879-இல் திறந்த புதுச்சேரிப் பாதை ஒன்று. எல்லாம் அப்போது மீட்டர்கேஜ். 1960களின் நடுவில் தாம்பரத்திலிருந்து மின்பாதை வந்தது. வந்தது விழுப்புரத்தோடு நின்றுகொண்டது. எழும்பூரிலிருந்து வரும் வண்டிகளில் மின்சார இஞ்சினைக் கழற்றிவிட்டு நீராவி இஞ்சினைப் பூட்டினார்கள். ஒய்.பி., ஒய்.ஜி. என்று தாத்தா பேர் சொல்வார். பின்னாளில் டீசல் வந்தபோதும் மாற்றுகிற வேலை இருந்தது.

இஞ்சின் மாறுகிற அந்த நேரம்தான் ஊருக்குச் சோறு போட்டது. பயணிகள் இறங்கிக் கை கால் கழுவுவார்கள், டிபன் வாங்குவார்கள், தூக்குச் சட்டியில் காப்பி வாங்கிப் பிள்ளைகளுக்கு ஊற்றுவார்கள். பொட்டலம் மடிக்கிறவர், இலை நறுக்கித் தருகிறவர், பூக்காரம்மா, போர்ட்டர், குதிரை வண்டிக்காரர் என்று எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பி இருந்தன. ஷெட்டில் கொட்டிய சாம்பலில் பாதி எரிந்த கரியைப் பொறுக்கி அடுப்பெரித்த வீடுகளும் உண்டு. வடாம் காயப்போட்டால் மேலே கரித்தூள் படியும் என்பதால் வேட்டியால் மூடித்தான் காய வைப்பாராம் ஆயா.

ராத்திரி வண்டிகளில் தாத்தாவுக்குப் பெருமையானது போட் மெயில். தனுஷ்கோடிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி இலங்கைக்குப் போகிறவர்களின் வண்டி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் வண்டி ராமேசுவரத்தோடு நின்றது. ஒரே இரவில் போன அந்த ஊரைப் பார்க்க இன்று கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், இடிந்த தேவாலயத்தின் முன் நின்று வருந்துகிறார்கள். அது நியாயம்தான். ஆனால் விழுப்புரமும் திண்டிவனமும் போனது நாற்பது ஐம்பது வருடங்களில், பெயர்ப்பலகை அப்படியே இருக்க. அதற்காக யாரும் வருந்தவில்லை என்பதால்தான் இந்தத் தொடரை எழுதுகிறேன்.

திண்டிவனம் ஆயாவின் பிறந்த ஊர். விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், பிறகு திண்டிவனம். ஆயாவின் அண்ணனுக்குக் கிடங்கலைத் தாண்டிக் கொஞ்சம் நிலமும் கிணறும் இருந்தன.

1974 மே 8 அன்று நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஃபயர்மேன்களுக்கும் எட்டு மணி நேர வேலை என்பது முக்கியமான கோரிக்கை. கால் புக்கில் கையெழுத்துப் போட்டவன் எப்போது வீடு திரும்புவான் என்று தெரியாத வாழ்க்கைக்கு ஒரு வரம்பு கேட்டார்கள். கைது நடக்கிறது என்று சேதி பரவியதும் தாத்தா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். மே 27 வரை, வேலைநிறுத்தம் முடியும்வரை, அங்கேதான்.

இறவை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அறுவடை முடியாத நேரம். "சும்மா குந்தாம கொல்லிக்கு வாங்க மாப்ள" என்று கூப்பிட்டாராம் அண்ணன்காரர். கரி அள்ளிய கை செடி பிடுங்கப் போனது. அம்மாவுக்கு அப்போது பதினோரு வயது. பெண்களோடு களத்தில் உட்கார்ந்து காய் ஆய்ந்ததையும், கூலியாகக் காயையே படியில் அளந்து போட்டதையும், பச்சைக் காயை உப்புப் போட்டு அவித்துத் தின்றதையும் நேற்று நடந்ததுபோல் சொல்வார். தன் அப்பா ஒரே இடத்தில் அத்தனை நாள் சேர்ந்தாற்போல் கூட இருந்தது அந்த ஒரு தடவைதானாம்.

அண்ணன்காரர் போட்டிருந்தது டி.எம்.வி. 2. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் கொத்து என்ற கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்ட ரகம். நூற்றைந்து நாள் பயிர். கொத்துச் செடி என்பதால் கையால் பிடுங்கினாலே காய்கள் வேரோடு வந்துவிடும். கொடிக் கடலையைப்போல மண்ணைக் கொத்தித் தேட வேண்டியதில்லை. அந்த எழுத்துகளில் இருப்பது திண்டிவனத்தின் பெயர். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் அந்த விதை விளைந்தது. அதற்கும் முன்பே தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. மண்டிகளும் எண்ணெய் மில்களுமாகத் திண்டிவனம் இருந்த நாளில், பிண்ணாக்கு வாசனையை வைத்தே ஸ்டேஷன் வந்துவிட்டதைச் சொல்லிவிடலாம் என்பார் அம்மா.

கிடங்கல் இன்று திண்டிவனம் நகராட்சிக்குள் ஒரு பகுதி. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் ஊர் அது. அந்தப் பாட்டில் பாணர்கள் வழிநெடுக எங்கெங்கே தங்கலாம், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதெல்லாம் வருகிறது. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறு, ஆமூரில் நண்டுக் குழம்போடு சோறு. வழிப்போக்கரை நிறுத்திச் சோறு போடுவது இந்த மண்ணுக்குச் சங்க காலத்திலிருந்தே வேலையாக இருந்திருக்கிறது. இங்கே வந்தவர் நிற்க வேண்டியிருந்தது, அதனால் ஊர் இருந்தது. அகலப்பாதை வந்தது. திருச்சி வரை மின்கம்பி போனது. இஞ்சின் மாற்றுகிற வேலை இல்லாமல் போனது. நான்குவழிச் சாலையில் பேருந்துகள் ஊரைத் தொடாமல் போகின்றன. பயணம் விரைவானதில் எனக்கும் மகிழ்ச்சிதான். அந்த விரைவுக்கு விலை கொடுத்தவர்களின் கணக்கை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

இவ்வளவு சொன்ன ஆயாவின் கதைகளில் 1978 ஜூலை இல்லை. அந்த மாதம் விழுப்புரத்தில் பெரிய காலனி என்ற தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. வற்புறுத்திக் கேட்டபோது அம்மா சொன்னது இவ்வளவுதான்: "கடையெல்லாம் மூடிட்டாங்க. வெளிய போவக் கூடாதுன்னு ஆயா கதவச் சாத்திடுச்சு."

வடாத்தில் படிந்த கரித்தூள்வரை நினைவு வைத்திருக்கும் குடும்பம் இதை வைத்துக்கொள்ளவில்லை. மறந்துபோனது என்று என்னால் நம்ப முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்துக்காகப் பிள்ளைகளை அடக்கி வைத்த அதே தெருதான், நடந்து போகிற தூரத்தில் இருந்த அந்த மக்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. எங்கள் ஊர் என்று நான் எழுதுவதில் அந்தக் கதவும் சேர்த்தி.

ஆயாவிடம் கேட்க இனி வழியில்லை. பெரிய காலனியில் அந்த நாட்களைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டதை, அவர்கள் அனுமதித்த அளவில், அவர்கள் பேச்சிலேயே அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)