ஆட்டம் தொடங்குமுன் ஆளைப் பொறுக்குவது

நம் சங்கத்துக் கால்பந்துக் குழுவுக்குப் பதினொருவரைப் பொறுக்கும் பொறுப்பு இவ்வாண்டு என் தலையில் விழுந்தது. எனக்குப் பந்து உதைக்க வராது. எம்.எஸ்ஸி. பௌதிகம் படிக்கிறவன், எண்களோடு பழகியவன் என்பதே என் தகுதி. சென்ற ஆண்டு யார் எத்தனை கோல் போட்டார் என்று குறித்திருந்த நோட்டை வாங்கி, ஒரே இரவில் பட்டியலை முடித்துவிட்டேன். மறுநாள் மெஸ்ஸில் பராட்டாவுக்குக் காத்து நிற்கையில், திருநெல்வேலித் தம்பி ஒருவன் வந்தான். பின்வரிசையில் தடுத்து ஆடுகிறவன்.

"நான் கோல் போடலதான், அண்ணே. போட விடாத கோலை எந்த நோட்டுல எழுதி வச்சிருக்கீய?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் இதே கேள்வியை ஒரு தேசமே ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது என்பது நினைவுக்கு வந்தது. ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கும் பைத்தியம் எனக்கு உண்டு என்பதை விடுதி நண்பர்கள் அறிவார்கள். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. அவர்கள் 'புட்பால்' என்பது நம் கால்பந்தல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம். காலுக்கு அதில் வேலை கொஞ்சம்தான்.

அங்கே ஆகஸ்டு மாதம் பிறந்தால், ஒரு பந்தும் வீசப்படுமுன்பே, இவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் இவர்களே என்று பத்திரிகைகள் பட்டியல் போட்டுவிடும். ஆண்டு முடிந்தபின் சிறந்தவரைப் பொறுக்கும் வழக்கம் மிகப் பழையது. முதல் 'ஆல் அமெரிக்கா' அணி 1889இல் வெளிவந்தது. அதிலிருந்த பதினொருவரும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்ற மூன்றே சர்வகலாசாலைகளைச் சேர்ந்தவர்கள். தேசம் முழுவதிலும் வேறு ஆளே இல்லையா என்றால், இருந்திருக்கலாம். பொறுக்கியவர்களின் கண்ணுக்கு எட்டிய தூரம் அவ்வளவுதான். இன்று முதல் பிரிவில் மட்டும் 130க்கு மேற்பட்ட சர்வகலாசாலைகள் ஆடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நூறு பேர். எந்தப் பத்திரிகையாளரால் இத்தனை பேரையும் பார்க்க முடியும்? ஆகவே அவரும் என்னைப்போல் சென்ற ஆண்டு நோட்டைத்தான் புரட்டுகிறார்.

அந்த நோட்டில் என்ன கோளாறு? ஒருவன் ஒரு பருவத்தில் குவித்த எண்ணிக்கையில் திறமையும் உண்டு, அதிர்ஷ்டமும் உண்டு. எதிரிகள் சோப்ளாங்கிகளாக வாய்த்திருக்கலாம், காயமின்றி ஓடியிருக்கலாம். பட்டியலின் உச்சியில் நிற்பவனுக்குப் பெரும்பாலும் இரண்டுமே கூடி வந்திருக்கும். அடுத்த ஆண்டு திறமை கூட வரும். அதிர்ஷ்டம் வருமென்று யார் கண்டது? மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருப்பார்கள், ஆனால் பெற்றோரைவிடச் சராசரிக்குச் சற்று அருகே வந்துவிடுவார்கள் என்று கால்ட்டன் 1886இல் எழுதினார். அதே கணக்குத்தான் இதுவும். மிகச் சிறந்த ஆட்டக்காரனுக்கு 1935 முதல் ஹைஸ்மன் பரிசு தருகிறார்கள். அதை இருமுறை பெற்றவர் 1974, 1975ஆம் ஆண்டுகளில் வென்ற ஆர்ச்சி கிரிபின் ஒருவரே. பலர் பரிசு பெற்றதும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது உண்மை. ஆயினும் டிம் டீபோ, ஜானி மன்ஸீல், ஜேமிஸ் வின்ஸ்டன் போன்றோர் பரிசு பெற்றபின்னும் கல்லூரியில் ஆடினார்கள், மறுமுறை கிட்டவில்லை. வாக்களிப்பவர்களுக்குப் பழைய முகம் அலுத்துப்போவதும் ஒரு காரணமாயிருக்கலாம்!

நோட்டில் இல்லாதவர்கள் கதை இன்னும் ருசியானது. மன்ஸீல் 2012இல் பரிசு வென்றபோது, அதற்கு முந்திய ஆண்டு ஓர் ஆட்டத்திலும் இறங்காதவர். 2010இல் வென்ற காம் நியூட்டன் முந்திய ஆண்டு ஒரு சிறு ஜூனியர் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தார். ஜோ பர்ரோ 2018இல் லூயிசியானா ஸ்டேட் அணிக்காக எறிந்த டச்டவுன்கள் 16. அடுத்த ஆண்டு 60! எறிந்த தூரம் 2,894 கஜத்திலிருந்து 5,671 கஜத்துக்கு ஏறியது. கை அதே கை. ஆட்டமுறை மாறியது, எறிவதைக் கற்றுத்தரப் புதிய பயிற்சியாளர் ஒருவர் வந்தார், பந்தைப் பிடிப்பவர்களும் அபாரமானவர்கள். முதல் வருஷ எண்ணை மட்டும் பார்த்தவன் பர்ரோவை எங்கே வைத்திருப்பான்?

இனி தம்பியின் கேள்வி. அவ்வாட்டத்தில் பந்தை எறியும் 'குவார்ட்டர்பாக்' முன்னால் ஐந்து மலைபோன்ற ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் பந்தை எறிவதுமில்லை, பிடிப்பதுமில்லை. பாய்ந்து வரும் எதிரிகளை மூன்று நான்கு விநாடி மறித்து நிறுத்துவதே அவர்கள் தொழில். அந்த மூன்று விநாடி இல்லையென்றால் 60 டச்டவுன் ஏது? இருந்தும் அவர்கள் பெயருக்கு எதிரே கஜக் கணக்கு எதுவும் கிடையாது. அவர்களில் ஒருவர்கூட ஹைஸ்மன் பெற்றதில்லை. 1973இல் ஒஹையோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் இரண்டாம் இடம் வரை வந்தார், அவ்வளவே. நடுவரிசைக்காரர்களுக்கென 1946 முதல் அவுட்லண்டு பரிசு என ஒன்றைத் தனியே வைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். ஆகஸ்டுப் பட்டியலில் இவர்களுக்கு இடம் உண்டு. ஆனால் கணக்கு இல்லாத இடத்தில் பெயரும் புகழும்தானே பேசும்? பெரிய அணியில் நிற்பவன் பெரியவனாகிவிடுகிறான். உண்மை அறிய வேண்டுமானால் படத்தை ஓட்டி, பந்தை விட்டுவிட்டு, அந்த ஒருவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பயிற்சியாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

நானும் செய்து பார்த்தேன். நான்கு மாலை மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, பந்து எங்கே போனாலும் தம்பியையே பார்த்தேன். முதல் நாள் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கண் பந்துக்கே ஓடியது. மூன்றாம் நாளிலிருந்து ஒன்று புலப்பட்டது. எதிரிகள் அவன் நிற்கும் பக்கம் வருவதே இல்லை. வந்தாலும் திரும்பி மறுபக்கம் போய்விடுகிறார்கள். திரும்பியவற்றை எண்ணினேன், ஒரு மாலையில் ஒன்பது.

பட்டியலில் பதினோராம் பெயரை அழித்துவிட்டு அவன் பெயரை எழுதினேன். அழிக்கப்பட்டவர், சென்ற ஆண்டு நான்கு கோல் போட்டவர், என் அறைத்தோழர். இரண்டு நாளாக எங்களுக்குள் பேச்சில்லை. இந்தக் கட்டுரையை அவர் விளக்கை அணைத்தபின், டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.