மூலையில் நின்ற மந்திரி

சதுரங்கம் கற்கும் நம் ஹடப்சர்ப் பிள்ளைகள், நாலே நகர்வில் எதிராளியை மடக்கும் வித்தையைத்தான் முதலில் கேட்கிறார்கள். அவர்களுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து அவசரப்படுத்தும் பெற்றோருக்கும் ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன்.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோயின. உலகப் பட்டத்தைக் காக்க பல்கேரியா செல்லவேண்டிய நம் விசுவநாதன் ஆனந்த், ஃபிராங்பர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியே சோஃபியா போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஒரு நாள்தான் கிடைத்தது. முதல் ஆட்டம் தோல்வி. ஆனாலும் 11 ஆட்டங்களின் முடிவில் இருவரும் 5½ புள்ளி.

மே 11 அன்று கடைசி ஆட்டம். தோபலோவுக்கு வெள்ளைக் காய். இதுவும் சமனானால் அடுத்து வேக ஆட்டங்கள். அதில் ஆனந்த் புலி. எனவே அன்றே ஜெயித்துவிட தோபலோவ் துடித்தார்.

திறப்பு, ராணிச் சிப்பாய் வகை. வெள்ளை பக்கத்துச் சிப்பாயைத் தூண்டிலாக நீட்டும். கறுப்பு அதை எடுக்காமல் நடுவைக் காக்கும். இதில் கறுப்புக்கு இடநெருக்கடி உண்டு. 1894 முதல் 1921 வரை உலகச் சாம்பியனாயிருந்த இமானுவேல் லாஸ்கர் பெயரால் வழங்கும் வழி எளிது: குதிரையை நடுவில் பாய்ச்சி, ஒரு ஜோடி மந்திரிகளையும் ஒரு ஜோடி குதிரைகளையும் வெட்டிக்கொள்வது. நெரிசலான யார்டில் நாலு வண்டியை வெளியேற்றினால் மற்றவை தாமே நகரும் அல்லவா? ஆனந்த் 7-வது நகர்வில் அதைத்தான் செய்தார். பார்க்க உப்புச் சப்பில்லாத முறை. என் கணக்கில் அன்றைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

28-வது நகர்வில் ஆனந்தின் மந்திரி பலகையின் மூலைக்கே போய்விட்டது. சைடிங்கில் தள்ளிய வாகன் போலத் தெரிந்தது. 31-ல் தோபலோவ் ஒரு சிப்பாயை வெட்டினார். ஆனந்த் அதை மீட்காமல், நடுச் சிப்பாயை ஓரடி தள்ளிப் பலி கொடுத்தார். தோபலோவ் அதையும் எடுத்தார். மூலை மந்திரிக்கு நீண்ட பாதை முழுக்கத் திறந்துவிட்டது! அதே பாதையில் கறுப்பு ராணி வந்து 'செக்' சொல்ல, வெள்ளை ராஜா காவலின்றி ஓரத்துக்கு ஓடினார். 56-வது நகர்வோடு ஆட்டம் முடிந்தது. 6½ - 5½.

வீட்டில் பலகையை விரித்து, அந்த இரண்டாவது சிப்பாயை எடுக்குமுன் நிறுத்துங்கள். எடுக்காமல் வேறென்ன ஆடலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள்.