தாடை வலி: டக் சத்தமும் மூணு விரலும்

போன தடைக்காலத்தில்தான் இது ஆரம்பித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், எங்க ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. கடன், வட்டி, வலை, இன்ஜின் வேலை என்று எல்லாக் கணக்கும் அப்போதுதான் தலையில் உட்காரும். வீட்டுப் படகுக்குக் கணக்கு பார்ப்பது நான். காலையில் எழுந்தால் இடது காதுக்கு முன்னால் வலி. கொட்டாவி விட்டால் 'டக்' என்று ஒரு சத்தம். காதுவலி என்று சொட்டு மருந்து விட்டேன். ஞானப்பல்தான் காரணம் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். பிடுங்கியாச்சு. பல் போச்சு, வலி போகலை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

காதுத் துவாரத்துக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஒரு குமிழ் நகரும். அது கீழ்த்தாடை எலும்பின் தலை. முதலில் கதவுக் கீல் மாதிரி சுழலும், இன்னும் திறந்தால் முன்னால் வழுக்கி வரும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய வட்டு ஒன்று இருக்கு. அது கொஞ்சம் முன்னால் நழுவியிருந்தால், எலும்பு அதன்மேல் ஏறும்போது டக். வலியே இல்லாத பலருக்கும் இந்தச் சத்தம் உண்டு. வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. நானோ அதை நினைத்தே பாதித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

வலி பல பேருக்கு மூட்டைவிடக் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள தசையில்தான். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டவே கூடாதாம். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்று எங்க ஊரில் எதற்கெடுத்தாலும் சொல்வாங்க. நான் அதை நிஜமாகவே செய்திருக்கிறேன், கணக்கு நோட்டின் முன்னால், மணிக்கணக்காக.

மூணு மாதம் தாண்டிய வலிக்கு இன்னொரு குணம் உண்டு. நரம்பு மண்டலமே ஒலிபெருக்கி மாதிரி ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் தாடை வலி இல்லாத ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பிறகு வலி வந்தவர்களிடம் அதற்கு முன்பே தூக்கம் கெட்டிருந்தது, உடம்பின் வேறு இடங்களிலும் வலி இருந்தது. ஒற்றைப் பல்லைக் குற்றவாளி ஆக்குவது எவ்வளவு அவசரம் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த அவசரத்துக்குப் பழைய வரலாறு இருக்கு. 1934ல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், பல் கடிப்பு சரியில்லாததுதான் காரணம் என்று எழுதினார். அதை நம்பிப் பல்லைத் தேய்த்துக் கடிப்பைச் 'சரி' செய்யும் வைத்தியம் பல காலம் நடந்தது. 1980களில் வட்டையே எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கை வட்டு வைத்தார்கள். அது மூட்டுக்குள் நொறுங்கிச் சுற்றியிருந்த எலும்பை அரித்தது. 1990ல் அமெரிக்க அரசே எச்சரிக்கை விட்டது. அதற்குள் பல பேருக்கு மூட்டே போயிருந்தது.

2023 டிசம்பரில் பிஎம்ஜே இதழில் வந்த சிகிச்சை வழிகாட்டி முன்னால் வைப்பது எளிமையானவற்றைத்தான்: சொல்லிக்கொடுத்துச் செய்யவைக்கும் தாடைப் பயிற்சி, கையால் தசையை இளக்குவது, வலியோடு பழகும் மனப்பயிற்சி. திரும்ப மாற்ற முடியாத சில சிகிச்சைகள் வேண்டாம் என்கிறது.

நான் செய்ததும் அவ்வளவுதான். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால், உதடு மூடி, பல் ஒட்டாமல். இதை நினைவூட்ட போனில் மணிக்கு ஒரு அலாரம். வெந்நீர் ஒத்தடம். கணவாய்க் கருவாட்டுக்கு விடுமுறை (கஷ்டமான பகுதி இதுதான்). பிசியோதெரபிஸ்ட் காட்டிய பயிற்சி. மூணு மாதத்தில் முக்கால்வாசி குறைந்தது. கடன்காரர் போன் வரும் நாளில் இன்னமும் எட்டிப் பார்க்கும்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சித்தப்பா கேட்டார்: "ஒனக்கு மட்டுமாப்பா? எனக்கும் ரெண்டு வருஷமா வாய் தொறக்க மாட்டேங்குது. அந்தப் பயிற்சிய எனக்கும் காட்டு."

மூணு விரலை ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொன்னேன். சாதாரணமாக நுழையும். அவருக்கு ஒன்றரைதான். மூட்டில் வலி கிடையாது. காரம் பட்டால் வாயெல்லாம் எரியுது என்றார். கன்னத்தின் உட்புறம் வெளிறி, தொட்டால் கயிறு மாதிரி விறைப்பு. ராத்திரி வலை இழுக்கும்போது தூக்கம் வராமலிருக்க இருபது வருஷமாகப் பாக்கு போடுகிறவர். பாக்கு வாய்ச்சதையை நாராக்கி இறுக்கும் நோய் இது, தாடை வலி அல்ல. சிலருக்கு இதிலிருந்து புற்றுநோய் வரும். புகையிலை சேராத வெறும் பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்திருக்கிறது.

பயிற்சி காட்டவில்லை. அடுத்த நாளே புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். சதைத் துணுக்கு எடுத்தார்கள். புற்று இல்லை. பாக்கை விடணும், தவறாமல் வந்து காட்டணும் என்றார்கள். இப்போது படகுக்குப் போகும்போது மடியில் பாக்குப் பொட்டலத்துக்குப் பதில் வறுத்த சோம்பு. எத்தனை நாளைக்கு என்று சித்தி மட்டும் சந்தேகமாகப் பார்க்கிறார்.