பின் இருக்கைக்கும் பெல்ட் தேவையா?

"காரை ஓட்டுபவருக்குப் பெல்ட் வேண்டும், சரி. பின்னால் சும்மா உட்கார்ந்து வரும் எனக்கு எதற்கு?" என்று மாணவர்கள் பலர் கேட்கிறார்கள். இதற்கு விடை நியூட்டனின் முதல் விதியில் இருக்கிறது.

மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஒரு கார் செல்வதாகக் கொள்வோம். உள்ளே இருக்கும் நீங்களும் அதே வேகத்தில்தான் செல்கிறீர்கள். கார் ஒரு மரத்தில் மோதுகிறது. மரம் நிறுத்தியது காரைத்தான், உங்களை அல்ல! நிலைமத்தின் காரணமாக, எதிலாவது மோதும் வரை நீங்கள் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்வீர்கள்.

உங்கள் நிறை 50 கிலோகிராம் எனில், உங்கள் இயக்க ஆற்றல் ½ × 50 × 15 × 15 = 5,625 ஜூல். மூன்று மாடிக்கும் சற்று அதிகமான உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது பெற்றிருக்கும் ஆற்றல் இது. உடல் நிற்க வேண்டுமானால் இவ்வளவும் செலவாக வேண்டும். அது செலவாகும் தொலைவு குறையக் குறைய, உடலைத் தாக்கும் விசை கூடும்.

பெல்ட் அணியாதவர் எதிரே உள்ள கடினமான பகுதியில் மோதி 5 செ.மீ. தொலைவுக்குள் நின்றால், சராசரி விசை 5,625 ÷ 0.05 = 1,12,500 நியூட்டன். பெல்ட் அணிந்தவரோ காருடன் பிணைக்கப்பட்டிருக்கிறார். காரின் முன்பகுதி நசுங்கும் தொலைவும் பெல்ட் நீளும் தொலைவும் அவருக்குக் கிடைக்கின்றன. இவை சேர்ந்து 75 செ.மீ. எனில் விசை 7,500 நியூட்டன்தான். பதினைந்தில் ஒரு பங்கு! அதுவும் தோள், மார்பு, இடுப்பு எலும்புகளில் பரவி விழுகிறது.

தோளையும் இடுப்பையும் ஒருங்கே பிணைக்கும் இந்த மும்முனைப் பெல்ட்டை உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின். 1959-இல் வால்வோ கார்களில் இது பொருத்தப்பட்டது. மற்ற நிறுவனங்களும் இதைப் பயன்படுத்திக்கொள்ள வால்வோ இசைந்தது.

"தம்பியை நான் மடியில் பிடித்துக்கொள்கிறேன்" என்கிறீர்களா? மேற்சொன்ன மோதலில், நீங்கள் பெல்ட் அணிந்திருந்தாலும், 10 கிலோ குழந்தையை நிறுத்தி வைக்க 1,500 நியூட்டன் விசை தேவை. அது ஏறக்குறைய 150 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். எந்தத் தாயின் கைகளாலும் இது இயலாது. ஆகவே குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். பெல்ட் கழுத்தில் உராயும் அளவுக்கு உயரம் குறைந்த சிறுவர்களுக்கு உயர்த்தும் இருக்கை வேண்டும். உங்களுக்கோ, பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்லாமல் இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும்.

பின்னால் பெல்ட் இன்றி இருப்பவர் தனக்கு மட்டும் ஆபத்தல்ல. முன்னால் இருப்பவர் மீதும் அதே வேகத்தில் மோதுவார். 14 வயதுக்குட்பட்டோர் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றிப் பயணம் செய்தால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கூறுகிறது.

வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர் ஆனால் உங்கள் இயக்க ஆற்றல் எத்தனை மடங்காகும்? கணக்கிட்டுப் பாருங்கள். அடுத்த முறை காரில் ஏறியதும் உங்கள் கை தானாகவே பெல்ட்டைத் தேடும்.